கோழியில் தொடங்கிய உண்மை

"புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா, டாக்டர்?" நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்கள் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. புற்றுநோய் ஒட்டாது. ஆனால் சில வகைப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் தொற்றக்கூடியவை. இதை மருத்துவ உலகமே ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1909இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்திற்கு, நெஞ்சில் கட்டி வளர்ந்த கோழி ஒன்று வந்து சேர்ந்தது. பெய்ட்டன் ரௌஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கட்டியை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாவும் கடக்க முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாற்றை நல்ல கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவற்றிலும் அதே கட்டி வளர்ந்தது. 1911இல் இதை அவர் வெளியிட்டபோது, கோழிகளுக்கு மட்டும் உரிய விந்தை என்று பலர் ஒதுக்கிவிட்டனர். நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது 1966இல். அப்போது அவருக்கு வயது 87.

இதற்கிடையே உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வளரும் கட்டியைப் பற்றி 1958இல் எழுதினார். 1961இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டைன், அக்கட்டியில் வைரஸைத் தேடினார். 1964இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் ஆகிய மூவரும் அதைக் கண்டறிந்தனர். மனிதக் கட்டியில் காணப்பட்ட முதல் புற்றுநோய் வைரஸ் அதுதான். நம் வட்டாரத்துச் சீன மக்களிடையே அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வேறொரு வைரஸே காரணம் என்று பலர் நம்பிய காலத்தில், ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன், ஹெச்பிவி வைரஸ்தான் என்று வாதாடினார். 1983இல் அதன் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் அவர் குழு கண்டறிந்தது. உயிரணு கட்டின்றிப் பெருகாமல் தடுக்கும் 'பிரேக்' போன்ற புரதங்களை இந்த வைரஸ் செயலிழக்கச் செய்கிறது. சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்குள், 2006இலேயே தடுப்பூசி வந்துவிட்டது. மலேசியா 2010இல் 13 வயது மாணவியருக்கும், சிங்கப்பூர் 2019இல் உயர்நிலை ஒன்றாம் வகுப்பு மாணவியருக்கும் பள்ளியிலேயே இந்த ஊசியைப் போடத் தொடங்கின.

கல்லீரல் புற்றுநோயின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1984இல் நாடு தழுவிய திட்டமாக்கிய தைவானில், பிள்ளைகளிடம் அந்தப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிங்கப்பூர் 1987இலும் மலேசியா 1989இலும் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்த ஊசியைப் போடத் தொடங்கின. அப்படியானால் அதற்கு முன் பிறந்த நாம்? நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிருமி உடலில் இருந்தாலும் பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

சிகிச்சையும் வளர்ந்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி கிருமியைச் சில வார மாத்திரைகளால் பெரும்பாலோரிடம் ஒழித்துவிடலாம். ஹெபடைடிஸ் பி கிருமியை முற்றாக ஒழிப்பது அரிது. ஆனால் மாத்திரையால் அடக்கி வைத்தால் புற்றுநோய் அபாயம் குறையும். ஹெச்பிவியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் அது உண்டாக்கும் மாற்றங்களைப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டு, புற்றாகும் முன் அகற்றலாம். ஊசி போட்டுக்கொண்டவர்களும் இந்தப் பரிசோதனையைக் கைவிடக்கூடாது.

ரௌஸ் சொன்னதை உலகம் நம்ப ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இன்று உண்மை தெரிந்திருக்கிறது, ஊசியும் இருக்கிறது. பள்ளியிலிருந்து மகள் கொண்டுவரும் ஒப்புதல் படிவத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப் போடாதீர்கள்.