கதை முடியும் இரவு: அறிவியல் புனைவுத் தொகைத் தொடர்களும் மலாக்காத் தோட்டத் தமிழரும்

ஒரே தலைப்பின் கீழ் வாரத்துக்கொரு கதையாக, மாந்தரும் களமும் ஒவ்வொரு வாரமும் மாற, தொடங்கிய கதை அன்றிரவே முடிந்துவிடும் வகையில் அமைந்த தொலைக்காட்சி வடிவத்தைத் தொகைத் தொடர் எனலாம். இன்றில்லாத ஒரு கருவியையோ காலத்தையோ கோளையோ உண்டென்று வைத்துக்கொண்டு, அதன் முன் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சோதித்துப் பார்க்கும் கதைக்கு அறிவியல் புனைவு என்று பெயர். இவ்விரண்டும் சேர்ந்த வடிவத்தை நிலைநிறுத்தியது, அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் 1959 அக்டோபர் 2 முதல் 1964 வரை 156 பகுதிகளாக ஒளிபரப்பிய 'டுவைலைட் ஸோன்' என்னும் தொடர். அது 1985, 2002, 2019 ஆகிய ஆண்டுகளில் மும்முறை புதுப்பிக்கப்பட்டது. ஏபிசி நிறுவனம் 1963இல் தொடங்கிய 'அவுட்டர் லிமிட்ஸ்' 49 பகுதிகளோடு நின்றுபோனாலும், 1995இல் மீண்டெழுந்து ஏழு பருவங்கள் ஓடியது. கறுப்பு வெள்ளைப் படமும் இன்றைய கண்ணுக்கு எளியதாகத் தோன்றும் அரங்கப் பொருள்களும் கொண்ட இக்கதைகளைத் தலைமுறைகள் தேடி வருவதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்: கதைக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு கதைசொல்லி வந்து நிற்கிறார், கதையும் முடிந்துபோக அஞ்சுவதில்லை. மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இவ்விரண்டும் தொலைக்காட்சி வருவதற்கு நெடுங்காலம் முன்பே பழகியிருந்தன.

'டுவைலைட் ஸோ'னை உருவாக்கிய ராட் செர்லிங், இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் வான்குடைப் படையினராகப் போரிட்டுத் திரும்பியவர். 92 பகுதிகளைத் தாமே எழுதியவர். அவரை அறிவியல் புனைவுக்குக் கொண்டுவந்தது விளம்பரதாரர்களின் கெடுபிடி. 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டதையும் கொன்றவர்கள் விடுவிக்கப்பட்டதையும் மனத்தில் வைத்து அவர் எழுதிய நாடகம், நிதியளித்த நிறுவனம் அஞ்சியதால், நடக்கும் இடமும் கொல்லப்பட்டவரின் அடையாளமும் மாற்றப்பட்டு 1956இல் ஒளிபரப்பானது. நேராகச் சொன்னால் வெட்டப்படும் ஒன்றை வேற்றுக்கோளில் நடந்ததாகச் சொன்னால் யாரும் வெட்டமாட்டார்கள் என்பதை அவர் அதன்பின் கண்டுகொண்டார். அணுகுண்டு அச்சம், இனவெறி, அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கத் தூண்டும் அரசியல் ஆகியவை விண்கலத்தில் ஏறி நடுவீட்டுக்குள் வந்தன.

இதற்குச் சிறந்த சான்று 1960 மார்ச் 4 அன்று ஒளிபரப்பான, மேப்பிள் தெருவுக்கு அரக்கர்கள் வருவதாகச் சொல்லும் கதை. ஒரு மாலையில் தெருவில் மின்சாரம் நின்றுபோகிறது, வண்டிகள் கிளம்பவில்லை, வேற்றுக்கோளார் முன்கூட்டியே மனிதரைப் போன்ற ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்திருப்பார்கள் என்று, கதைப் புத்தகம் படித்த ஒரு சிறுவன் சொல்கிறான். ஒருவருடைய வண்டி தானாகக் கிளம்பியதும் அவர்மேல் ஐயம் விழுகிறது. இரவில் வானத்தைப் பார்த்து நிற்பவர்மேல் விழுகிறது. இருளில் நடந்து வரும் அண்டைவீட்டுக்காரர் சுடப்படுகிறார். விளக்கை அணைத்து ஏற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்று மலைமேலிருந்து வேற்றுக்கோளார் பேசிக்கொள்வதோடு கதை முடிகிறது.

இக்கதை யாருக்காக எழுதப்பட்டிருந்தாலும், மலாயாவின் தோட்டப்புறத்தார் இதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொண்டிருக்கக் கூடியவர்கள். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் முகத்தை மூடிய ஆள் ஒருவர் தலையசைத்தால் வரிசையில் நின்றவர் இழுத்துச் செல்லப்பட்ட கொடுமையை அவர்களின் தலைமுறை அறியும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் முள்வேலிக்குள் அடங்கின, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, காட்டோரம் சோறு கொண்டுபோனவர் யாருக்காகக் கொண்டுபோகிறார் என்று கேட்கப்பட்டது. கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட முதல் 'வெள்ளைப் பகுதி'யாக 1953 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்டது மலாக்காவின் ஒரு பகுதிதான். பக்கத்து வீட்டாரை ஐயுறவேண்டிய நிலை இங்கே கற்பனை அல்ல.

தொகைத் தொடரின் கதைசொல்லி, நாடகம் தொடங்கும்போது திரையில் தோன்றி, இந்த மனிதர் இன்னார், இன்னும் சற்று நேரத்தில் இவருக்கு ஒன்று நேரப்போகிறது என்று சொல்லிவிட்டு விலகி, இறுதியில் குரலாகத் திரும்பி வருபவர். செர்லிங் தாமே அப்படி நின்றார். 'அவுட்டர் லிமிட்ஸ்' முகமில்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குரலை வைத்துக்கொண்டது. தமிழர் மரபில் தெருக்கூத்தின் கட்டியக்காரன் இதே இடத்தில் நிற்பவன். கதையின் மாந்தரோடும் பேசுவான், எதிரே தரையில் அமர்ந்திருப்பவரோடும் பேசுவான். அரசனை வரவேற்றுக்கொண்டே அரசனை விசாரிப்பான். தன்னைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் சொல்லும் கதைகளின் அமைப்போ தொகைத் தொடருக்கு இன்னும் நெருக்கமானது: இருபத்தைந்து கதைகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மாந்தர், எல்லாவற்றையும் பிணைக்கும் ஒரே குரல், ஒவ்வொரு முடிவிலும் விடை சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி. அரசன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும், தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடித்துவிடும் என்னும் நெருக்கடி, பார்வையாளரைத் தீர்ப்பு வழங்கும் இடத்தில் உட்காரவைக்கிறது. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் இக்கதைகளையும், இதே அச்சில் வார்த்த புதுக்கதைகளையும், சங்கரின் ஓவியத்தோடு பல பத்தாண்டுகள் வெளியிட்டது; தோளில் பிணத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் அரசனின் உருவம் தமிழகத்தில் மட்டுமன்றி மலேசியாவிலும் சிறுவர் மனத்தில் பதிந்தது.

மலாக்கா நகருக்கு வடக்கே, இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் பரவியுள்ள குருபோங் வட்டாரத்திலும், அதற்கு அப்பால் டுரியான் துங்கால், காடேக், அலோர் காஜா எனப் போகும் ரப்பர் நிலத்திலும், கதை என்பது தனியே படிப்பதாக இருந்ததைவிடக் கூடிக் கேட்பதாகவே இருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் பெயர்கூப்பிடலுக்கு நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, மங்கு மங்காக (கிண்ணம் கிண்ணமாக)ச் சேர்த்துக் காண்டா என்னும் தோள்தடியில் சுமந்து பால் கொட்டகையில் நிறுத்துத் திரும்பியவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். நாளிதழையும் கதையையும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்டார்கள். 1946இல் ஒலிபரப்பைத் தொடங்கிய மலாயா வானொலி இந்தக் கேட்கும் பழக்கத்தின்மேல் வந்து அமர்ந்ததால், அதன் தமிழ் நாடகங்கள் வேரூன்றின. அரசின் படக்காட்சி வண்டிகள் திடலில் வெள்ளைத்துணி கட்டியபோதும் ஒலிபெருக்கியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி இந்நாட்டில் 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது; இரண்டாம் அலைவரிசை 1969இலும் வண்ண ஒளிபரப்பு 1978இலும் வந்தன. மின்சாரம் நாள் முழுதும் கிடைக்காத லயங்களில் கார் பேட்டரியில் ஓடிய ஒரு பெட்டியின் முன் பல குடும்பங்கள் அமர்ந்து பார்த்தன. ஒரே அமர்வில் முடியும் கதைக்கு இந்தச் சூழலில் தனி மதிப்பு இருந்தது, ஏனெனில் அடுத்த வாரம் அதே இடம் கிடைக்கும் என்பது யாருக்கும் உறுதியில்லை.

தமிழில் அறிவியல் புனைவு தொலைக்காட்சிக்கு வந்தது எழுத்தாளர் சுஜாதா வழியாக. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்ட அவர், 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. கதை நடக்கும் காலம் 2021, 2022. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டியிருக்கிற, ஜீவா என்னும் தலைவனைக் கேள்வியின்றி வழிபடுகிற ஒரு நாடு. ஜீவா உண்மையில் ஒளியால் வரைந்த முப்பரிமாணப் படிமம். இதைக் கண்டறிபவர்களில் முதன்மையானது, புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும் ஜீனோ என்னும் இயந்திர நாய். அரசனை விசாரிக்கும் கட்டியக்காரனின் வேலையைச் சுஜாதா ஒரு நாய்க்குக் கொடுத்திருப்பது தமிழ் அறிவியல் புனைவின் மிக அழகான தீர்வுகளுள் ஒன்று.

ஆனால் அது தொடர்கதை. தொகைத் தொடர் அன்று. தொகை வடிவத்துக்குத் தமிழ்த் தொலைக்காட்சி மிக அருகே வந்தது 1990களின் பிற்பகுதியில், 1993இல் தொடங்கியிருந்த சன் தொலைக்காட்சியில், திரைப்பட இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த 'மர்மதேசம்' வழியாக. ஒரே பெயரின் கீழ் 'ரகசியம்', 'விடாது கருப்பு', 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என ஐந்து தனிக்கதைகள் வந்தன. கதைகள் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனுடையவை. முதல் இரண்டையும் நாகா இயக்கினார். 'ரகசியம்' ஒன்பது நச்சுப்பொருள்களைக் கட்டிச் செய்ததாகச் சித்தர் மரபு சொல்லும் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றியது. 'விடாது கருப்பு' ஒரு சிற்றூரின் காவல்தெய்வம் தவறு செய்தவரைத் தண்டிக்கிறதா, அல்லது சிறுவயதில் உடைந்துபோன ஒரு மனிதனின் மனம் அப்படிச் செய்கிறதா என்னும் வினாவை, அக்காலத்துக் காட்சியும் இக்காலத்துக் காட்சியும் மாறிமாறி வர, கடைசிவரை இழுத்துச் சென்றது. ஒருவருக்குள் இரண்டு ஆளுமைகள் மாறிமாறி இயங்கும் மனப்பிளவு என்னும் உளவியல் கருத்தைத் தமிழ்ப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த படைப்புகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

மலேசியத் தமிழ் வீடுகளில் இத்தகைய கதை கூடுதலாகப் பிடிமானம் பெறுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தின் எல்லையில், செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவே, தகரக் கூரைக்கடியில் நட்ட அரிவாளும் எலுமிச்சையும் சுருட்டும் சாம்பிராணியுமாக இருக்கும், காவல்தெய்வங்களான முனியாண்டி, மதுரைவீரன் சன்னதிகளைத் தாண்டித்தான் பல பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். நள்ளிரவில் குதிரைக் குளம்படி கேட்டதாகச் சொல்லும் முதியவர் லயத்துக்கு ஒருவராவது இருந்தார்; அதை மறுக்கும் பள்ளி ஆசிரியரும் அதே லயத்துக்கு அருகே குடியிருந்தார். 'விடாது கருப்பு' இவ்விருவரையும் ஒரே திரையில் எதிரெதிரே நிறுத்தி, இருவருக்கும் முழு மரியாதை கொடுத்தது. வாடகை வீடியோ நாடாக்களாலும் 1996இல் தொடங்கிய அஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவையாலும் தமிழகத் தொடர்கள் கடல் கடந்து வந்த காலம் அது.

அப்படியிருந்தும் தொகை வடிவம் தமிழில் நிலைக்காமற் போனது பார்வையாளரின் குறையால் அல்ல, கணக்கினால். நெடுந்தொடருக்கு ஒரு வீடும் ஒரு குடும்பமும் போதும்; அதே கூடத்தில் அதே நடிகரை நிறுத்தி நூற்றுக்கணக்கான நாள்கள் எடுக்கலாம். தொகைத் தொடரிலோ ஒவ்வொரு கதைக்கும் அரங்கும் ஆடையும் நடிகரும் புதிதாக வேண்டும்; மாந்தர்மேல் பற்று வைத்து நாள்தோறும் திரும்பி வரும் பார்வையாளரை விளம்பரதாரருக்குக் காட்டவும் இயலாது. 1999இல் 'சித்தி' என்னும் நெடுந்தொடர் தொடங்கி வெற்றி பெற்றபின் இந்தக் கணக்கு அசைக்க முடியாததாயிற்று. அமெரிக்காவில் செர்லிங்கின் குழு இதே சிக்கலைச் சமாளித்த முறை கவனிக்கத்தக்கது: எம்ஜிஎம் படப்பிடிப்பு வளாகத்தில் ஏற்கெனவே நின்ற தெருக்களையும், 'ஃபர்பிடன் பிளானட்' என்னும் 1956ஆம் ஆண்டுப் படத்துக்காகச் செய்த விண்கலத்தையும் உடைகளையும் அவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். மேப்பிள் தெருவே பழைய படங்களுக்காகக் கட்டப்பட்ட தெருதான். நல்ல வசனமும் இரண்டு நல்ல நடிகர்களும் இருந்தால் ஓர் அறை போதும் என்பதை அத்தொடரின் சிறந்த கதைகள் பல காட்டுகின்றன.

பழைய தொகைத் தொடர்களின் புதுப்பிப்புகள் தடுமாறியதும் பெரும்பாலும் கதைசொல்லியிடத்தில்தான். 1980இல் மறைந்த திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் தொகைத் தொடரை 1985இல் மறுபடி எடுத்தவர்கள், அவருடைய பழைய முன்னுரைக் காட்சிகளுக்கு வண்ணம் தீட்டிப் புதுக்கதைகளுக்கு முன்னால் ஒட்டினார்கள். 2019ஆம் ஆண்டு 'டுவைலைட் ஸோ'னில் இயக்குநர் ஜோர்டன் பீல் கதைசொல்லியாக நின்றார். அப்பருவத்தின் இறுதிக் கதையில், 1975இல் இறந்த செர்லிங்கின் உருவம் கணினியால் எழுப்பப்பட்டது. போனவரின் முகத்தைக் கொண்டுவருவது எளிது. அவர் தம் காலத்தை நோக்கி எழுப்பிய கேள்விக்கு ஈடாக நம் காலத்துக்கு ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். 2011இல் பிரிட்டனின் சேனல் 4இல் தொடங்கிய சார்லி புரூக்கரின் 'பிளாக் மிரர்' அதைச் செய்தது. அது பழைய பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை, கதைசொல்லியையும் வைக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கருந்திரையையே கேள்வியாக மாற்றியது. மரபின் உண்மையான வாரிசு அதுவே.

தமிழிலும் தொகை வடிவம் திரும்பி வந்தது. மணிரத்னமும் ஜெயேந்திராவும் தயாரித்து 2021 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'நவரசா' ஒன்பது குறும்படங்களைக் கொண்டது. அவற்றுள் வியப்புச் சுவைக்காகக் கார்த்திக் நரேன் இயக்கிய 'புராஜெக்ட் அக்னி' அறிவியல் புனைவு. நாகா 2024இல் ஜீ5 தளத்துக்காக 'ஐந்தாம் வேதம்' என்னும் தொடரில் தொன்மத்தையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்து, 'மர்மதேச'த்தின் தடத்துக்கே திரும்பினார்.

பழையது கையில் இல்லாவிட்டால் புதுப்பிப்பதற்கும் ஒன்றுமில்லை. பிபிசி 1965 முதல் 1971 வரை ஒளிபரப்பிய 'அவுட் ஆஃப் தி அன்னோன்' என்னும் அறிவியல் புனைவுத் தொகைத் தொடரின் 49 பகுதிகளில் பாதிக்கும் குறைவானவையே முழுமையாக எஞ்சியுள்ளன. நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காக மற்றவற்றை அழித்துவிட்டார்கள். 'டுவைலைட் ஸோன்' ஆறு பகுதிகள் தவிர அனைத்தும் படச்சுருளில் எடுக்கப்பட்டதால் பிழைத்தது, உள்ளூர் நிலையங்களில் மறுஒளிபரப்பாகி, முதலில் வந்தபோது பிறந்தே இராத தலைமுறைகளைச் சேர்த்துக்கொண்டது. 'மர்மதேச'மும் காப்பாற்றப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டதனால்தான், தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை அதை இன்று கைப்பேசியில் பார்க்க முடிகிறது. மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் எழுதுவோர் இவ்வடிவத்தைக் கையிலெடுக்க ஒரு பால் கொட்டகையும் இரண்டு நடிகர்களும் போதும்; ஜப்பானியர் போர்க்காலத்தில் கட்டிய சயாம் மரண ரயில்பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள், ஒரே இரவில் உரிமையாளர் மாறிய தோட்டம், ஆலைத் தளமாகிவிட்ட நிலத்தில் தன் எல்லையைத் தேடும் முனியாண்டி எனப் பொருளும் ஏராளமாக இருக்கிறது.