கிரண் (பெயர்)

கிரண் என்பது இந்தியாவில் ஆண், பெண் இருபாலருக்கும் இடப்படும் பெயராகும். இதற்கு ஒளிக்கதிர் என்று பொருள்.

சொற்பிறப்பு

இப்பெயர் கிரண என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. சிதறுதல், இறைத்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அச்சொல் பிறந்தது. இருக்கு வேதத்தில் இது தூசியைக் குறித்தது. பின்னரே கதிர் என்னும் பொருள் நிலைபெற்றது. சிதறிப் பரவும் தன்மை இரண்டுக்கும் பொதுவாகும். தமிழில் இச்சொல் கிரணம் என வழங்குகிறது.

பால்

வடமொழியில் கிரண என்பது ஆண்பாற் சொல். அதே சொல் இந்தியில் பெண்பாலாக வழங்குகிறது. இப்பெயர் இருபாலருக்கும் பொருந்தி வருவதற்கு இம்மாற்றம் துணைசெய்கிறது. சீக்கியரிடையே பெரும்பாலான முதற்பெயர்கள் இருபாலருக்கும் பொதுவானவை. பின்வரும் சிங், கௌர் என்னும் சொற்களே பாலை உணர்த்தும்.

ஒலிப்பு

இருமொழிகளின் எழுத்திலும் இறுதி மெய் 'ண்' ஆகும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் அவ்வாறே எழுதுவர். பஞ்சாபியிலும் உருதுவிலும் அது 'ன்' ஆகிறது. வங்காளத்தில் ஏறத்தாழ 'கிரொன்' என ஒலிக்கும். ஆங்கில எழுத்தில் ண், ன் வேறுபாடு தெரிவதில்லை. அதைப் பார்த்துத் தமிழில் எழுதுவோர் சிலர் 'கிரன்' என எழுதிவிடுகின்றனர். முருகன், கண்ணன் போல 'அன்' ஈறு தமிழில் ஆண்பாலைக் காட்டுவது. ஆகவே 'கிரன்' என எழுதினால் பெண்ணின் பெயரும் ஆண்பெயராகத் தோன்றும். 'கிரண்' என்பதே சொல்லின் மூலத்துக்கும் பொதுத்தன்மைக்கும் ஏற்றது. தமிழில் 'ஆண்', 'பெண்' என்னும் இரு சொற்களும் 'ண்' என்றே முடிவது இங்கு நினைக்கத்தக்கது.

மயங்கக்கூடிய சொற்கள்

பேச்சுவழக்கில் கிரகணத்தையும் சிலர் 'கிரணம்' என்பர். இதனால் 'சூரிய கிரணம்' என்பது கதிரையும் குறிக்கும், கதிர் மறைவதையும் குறிக்கும். எழுத்தில் இரண்டையும் பிரித்து எழுதுதல் வேண்டும்.

அயர்லாந்தில் வழங்கும் 'கீரன்' என்னும் ஆண்பெயர் வேறு. அது கருமை என்னும் பொருளுடைய ஐரியச் சொல்லிலிருந்து வந்தது. 6ஆம் நூற்றாண்டில் குளோன்மக்னாய்சு மடத்தை நிறுவிய புனிதர் அப்பெயர் கொண்டவர். ஒலி நெருங்கினாலும் பொருள் நேரெதிரானது. நக்கீரன் என்னும் பெயரில் உள்ள தமிழ்க் 'கீரன்' இவ்விரண்டோடும் தொடர்பற்றது.

இப்பெயர் கொண்டோர் சிலர்

கிரண் பேடி – 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி.

கிரண் மசும்தார் ஷா – 1978இல் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

கிரண் தேசாய் – 2006இல் புக்கர் பரிசு பெற்ற எழுத்தாளர்.

கிரண் மோரே – இந்தியத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் இலக்குக் காப்பாளர்.

கிரண் குமார் ரெட்டி – பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தின் கடைசி முதலமைச்சர்.

இவர்களுள் முதல் மூவர் பெண்கள். மற்ற இருவர் ஆண்கள்.