காட்டையே வகுப்பறையாக்கிய ஆசிரியர்



காட்டைக் காப்பதும் காட்டால் பொருளீட்டுவதும் ஒன்றுக்கொன்று பகை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலும் என்று கற்பிக்கவே ஒரு பள்ளி எழுந்தது. அதன் வரலாறு நாம் அறியத்தக்கது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகரையொட்டி, ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்னும் செல்வந்தர் 1888 முதல் நிலம் வாங்கலானார். ‘பில்ட்மோர்’ எனப் பெயர் பெற்ற அப்பண்ணை நாளடைவில் 125,000 ஏக்கராக விரிந்தது. அதில் மலைக்காடுகளும் இருந்தன. பயிரிட்டுப் பயிரிட்டுச் சாரமிழந்த நிலங்களும் இருந்தன.

அக்காட்டைப் பேண 1895இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர் கார்ல் ஷென்க். அவரைப் பரிந்துரைத்தவர் டீட்ரிச் பிராண்டிஸ். பர்மாத் தேக்குக் காடுகளைச் சீர்செய்த இவரே, பின்னர் நம் முன்னோர் வாழ்ந்த சென்னை மாகாணத்தின் காடுகளையும் ஆராய்ந்து, 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்திற்கு வழிகோலினார்.

ஷென்க் 1898 செப்டம்பரில் பில்ட்மோர் வனப்பள்ளியைத் தொடங்கினார். காலையில் பாடம், பிற்பகலில் மாணாக்கர் குதிரையேறி ஆசிரியரைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் செல்வர். மரத்தை அளத்தல், வெட்டுதல், அறுத்தல், விற்றல், வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்த்தல் ஆகிய அனைத்தையும் கண்முன்னே கற்றனர். வருவாய் தராத காட்டை எந்த உரிமையாளரும் நெடுங்காலம் காக்கமாட்டார் என்பது ஷென்க்கின் உறுதியான கொள்கை.

ஆசிரியரும் தவறினார். மலையோடையில் அணை கட்டி, தேக்கிய நீரைத் திறந்து மரக்கட்டைகளை மிதக்கவிட்டார். கரைகள் சிதைந்தன, பொருளும் நட்டமாயிற்று. ஊன்றிய மரக்கொட்டைகளை அணில்களும் எலிகளும் தின்றன. பின்னர் வெண்பைன் கன்றுகளை நட்டு வெற்றி கண்டார். இத்தவறுகளைத் தம் நினைவு நூலில் அவர் மறைக்கவில்லை.

1908 நவம்பரில், நில உரிமையாளர்களையும் மர வணிகர்களையும் அறிஞர்களையும் அழைத்து மூன்று நாள் வனத் திருவிழா நடத்தினார். தோட்டந்தோட்டமாக அழைத்துச் சென்று, நட்ட செலவு எவ்வளவு, எதிர்பார்க்கும் வரவு எவ்வளவு என்று விளக்கினார்.

ஆயினும் அடுத்த ஆண்டே வாண்டர்பில்ட்டுடன் பிணக்கு ஏற்பட்டுப் பதவி இழந்தார். இடம் இழந்த பள்ளி ஊர் ஊராகச் சுற்றி, 1913இல் மூடப்பட்டது. 1914இல் வாண்டர்பில்ட் மறைந்தார். அவர் துணைவியார் எடித், ஏறத்தாழ 87,000 ஏக்கர் காட்டை ஏக்கருக்கு 5 டாலர் வீதம் அரசுக்கு விற்றார். 1916இல் அது பிஸ்கா தேசிய வனமாயிற்று. முதல் பள்ளி இருந்த இடத்தை 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் ‘வனவியலின் தொட்டில்’ எனச் சட்டமியற்றிப் போற்றியது.

ஷென்க்கின் கொள்கை தோற்றதா? மரம் முதிர அரை நூற்றாண்டு வேண்டும். உரிமையாளரின் கணக்கேடோ ஆண்டுதோறும் முடிவுறுகிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையே அகப்பட்டே அவர் பதவி இழந்தார். ஆனால், அவரிடம் பயின்ற முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கல்வியைப் பல காடுகளுக்கு எடுத்துச் சென்றனர்.

ஆண்டிறுதித் தேர்வைக் கொண்டே பிள்ளைகளை அளக்கும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். நாம் நடுவனவும் முதிரக் காலம் வேண்டுவனவே.