கடல் சேரா வைகை

வைகை கடலொடு கலவாமைக்குப் புலவர் ஒரு காரணம் கண்டனர். இறைவனுக்கு நஞ்சளித்த கடலைச் சேர அவ்வாறு நாணிற்று என்று தனிப்பாடல் ஒன்று நயம்பட உரைக்கும். நம் கவியரங்குகளிலும் பலகால் எடுத்தாளப்பெற்ற கற்பனை அது, கேட்குந்தொறும் இனிப்பது. ஆயினும், அவ்வினிமையில் மாந்தர் உழைப்பொன்று மறைந்துபோகிறது.

வருசநாட்டு மலையில் தோன்றி, 258 கிலோமீட்டர் நடக்கும் வைகை மழையை நம்பிய ஆறு. நீர் வரும் நாள்கள் சில. வாராத நாள்கள் பல. ஆகவே வந்த வெள்ளத்தை இருகரையிலும் கால்வெட்டித் திருப்பிக் கண்மாய்களில் தேக்கினர். மேலைக் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால், அம்மறுகால் நீர் கீழைக் கண்மாய்க்கு வரத்தாகும். ஊர்தோறும் நீர்பாய்ச்சி மடை திறந்து வயலுக்கு முறைவைத்தான். ஆறு கடலுக்கு நாணவில்லை. வழியிலேயே பகிர்ந்து உண்ணப்பட்டது!

இப்பகிர்வு பழமையானது. பாண்டியன் சேந்தன் காலத்து வைகைக் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டிலேயே ஆற்றில் மடை அமைத்ததைக் கூறும். அதற்கும் முற்பட்ட கீழடியில், 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. ஆற்றை அண்டி வாழ்ந்தோரும் நிலத்தடி நீரைத் தேடியிருக்கின்றனர்.

பரிபாடலில் வையைக்குரியனவாக 26 பாடல்கள் இருந்தன என்பர். முழுமையாக இன்று கிடைப்பன 8. அவற்றுள் புதுப்புனலும் நீராட்டும் பெற்ற சிறப்பை மடைகாப்போன் பெறவில்லை. புலவர்மீது குறைகூறுதல் என் கருத்தன்று. விழாவைப் பாடுவது எளிது, முறைநீரைப் பாடுவது அரிது.

1895இல் பெரியாற்று அணை நிறைவுற்று, மேற்கே ஓடிய நீர் சுரங்கவழி கிழக்கே திரும்பியது. 1959இல் ஆண்டிபட்டியருகே வைகை அணை எழுந்தது. பஞ்சம் கண்ட நிலங்கள் பசுமையுற்றன, மறுப்பாரில்லை. ஆனால் ஊரார் கூடிக் கரைகட்டி வரத்துக்கால் தூர்வாரும் குடிமராமத்து தளர்ந்தது. கண்மாய்கள் மேடுற்றன, மதுரையில் சில, கட்டடங்களுக்கே மனையாயின. ஆற்றுமணலும் அள்ளப்பட்டது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கும் அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

வைகையின் கடைமடை இராமநாதபுரம் பெரிய கண்மாய். பெருவெள்ளக் காலத்தில் அங்கும் கொள்ளாது மிஞ்சுவதே ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைக் காணும். மற்றைய ஆண்டுகளில் மேலே எத்தனை மடை திறந்தன, எத்தனை அடைந்தன என்று கணக்கிட்டபடி, அக்கண்மாய்ப் பாசனத்தார் மேற்கு நோக்கிக் காத்திருக்கின்றனர்.