கொச்சியின் இரண்டு சட்டங்கள்

மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலிலிருந்து மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் வழியே மேற்கு நோக்கி நடக்கிறவன் அரைமணி நேரத்திற்குள் கோட்டைக் கொச்சியின் கடற்கரையை அடைந்துவிடலாம். இடையில் ஆறில்லை, மலையில்லை, வேலியுமில்லை. மதில்களின் நிறமும் மக்களின் பேச்சும் அதிகம் மாறுவதில்லை. ஆயினும் 1950-ஆம் ஆண்டில் இதே தூரத்தை நடந்த ஒரு கூலியாள், தான் அறியாமலேயே, திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தை விட்டுச் சென்னை இராஜ்யத்திற்குள் பிரவேசித்தான். புறப்பட்ட இடத்தில் சர்க்கார் உரிமம் பெற்ற கடையில் பகிரங்கமாக வாங்கிக் குடிக்கக்கூடிய ஒரு பானம், போய்ச் சேர்ந்த இடத்தில் அவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றப் பொருளாக மாறியிருந்தது. ஓர் ஊரின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு மதுச் சட்டங்கள் வாய்த்த இந்த விசித்திரமான சரித்திரத்தைத் தமிழர்களாகிய நாம் அறிந்துகொள்வது நலம்; ஏனெனில் அந்த இரண்டில் ஒன்று நம்முடைய சட்டமே.

இப்பிரிவினை மதுவின் பொருட்டு உண்டானதன்று. போர்ச்சுகீசியரிடமிருந்து 1663-ல் டச்சுக்காரர் கைக்கும், அவர்களிடமிருந்து 1795-ல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிய கோட்டைப் பகுதி, ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பளவே உள்ள துண்டு நிலமாயிருந்தும், மலபார் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டுச் சென்னை இராஜதானியின் ஆட்சிக்கு உட்பட்டது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சமஸ்தானமாகவே நீடித்தது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் சந்ததியார் இன்றும் கோட்டைக் கொச்சியின் ‘வெளி’ என்னும் பகுதியில் அதே தொழிலைச் செய்து வருகிறார்கள். எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழ்ந்தவர்கள் இத்தகைய உழைப்பாளி ஜனங்களே. அந்த எல்லையை வரைந்த அதிகாரங்கள் தமக்குள் ஒத்துழைக்க அறியாதவை அல்ல. உப்பு, புகையிலை, சுங்கம் ஆகியவற்றைப் பற்றி ஆங்கில சர்க்காரும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865-லேயே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பின்னாளில் துறைமுகத்தின் சுங்க வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வதிலும் அவை பேசித் தீர்த்துக்கொண்டன. வருமானம் என்று வந்தபோது ஒன்றுகூடிய அரசுகள், குடியினால் விளையும் கேடு என்று வந்தபோது தனித்தனியே நின்றன என்பதே இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வருத்தும் சங்கதி.

அப்காரி என்ற சொல்லே அந்த வருமான நோக்கைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாரசீகத்தில் நீரைக் காய்ச்சும் தொழிலைக் குறித்த அச்சொல், நம் நாட்டில் மதுவின்மேல் விதிக்கும் வரிக்கே பெயராகிவிட்டது. சென்னை இராஜதானியில் 1886-ல் அப்காரிச் சட்டம் பிறந்தது. கொச்சி சமஸ்தானம் கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1902-ல், தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. தென்னையில் பாளை சீவுகிறவன் எந்த மரத்தில் ஏறலாம், இறக்கிய கள்ளை எங்கே விற்கலாம், சாராயத்தை யார் காய்ச்சலாம், யார் எவ்வளவு கையில் வைத்திருக்கலாம், கடையை எவர் பெயரில் குத்தகைக்கு விடலாம் என்பனவற்றையெல்லாம் இத்தகைய சட்டங்கள் வெகு நுணுக்கமாக வகுத்தன. குடித்தவனுடைய ஈரலைப் பற்றியோ, அவன் வீட்டு அடுப்பைப் பற்றியோ விசாரிக்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இருக்கவில்லை. அந்தக் காலத்து அரசுகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அந்தக் கொச்சிச் சட்டமே, எத்தனையோ திருத்தங்களோடு, இன்றைக்கும் கேரளம் முழுவதையும் ஆளுகிறது.

சட்டத்தின் வழி அப்படியிருக்க, ஜனங்களின் உள்ளத்தில் வேறொரு வழி திறந்தது. ஆலுவாயில் பெரியாற்றங்கரையில் 1913-ல் அத்வைத ஆசிரமம் கண்ட நாராயண குரு, கள் இறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் பலர் இருந்த ஈழவர் சமூகத்திலேயே பிறந்தவர். மதுவை உண்டாக்குவதும் கொடுப்பதும் அருந்துவதும் ஆகிய மூன்றுமே கூடாதென்று அவர் தம்மவர்களை நோக்கியே சொன்னார். குடிக்கிறவனை மட்டும் கடிந்துகொள்ளும் உபதேசிகள் எங்கும் உண்டு. தம் இனத்தாரின் ஜீவனத்தின் மீதே கைவைக்கக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லும் துணிவு யாருக்கும் எளிதில் வருவதன்று. வைக்கம் சத்தியாக்கிரகத்தில் முன்னின்ற டி.கே. மாதவன் திருவிதாங்கூரில் மதுவிலக்குப் பிரசாரத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றதும் அந்தச் சொல்லின் பலத்தினால்தான். குருவின் வாக்குக்கு எல்லைக் கற்கள் கிடையா; அது மூன்று அரசுகளின் பிரஜைகளையும் ஒருங்கே எட்டியது.

நம்முடைய பக்கத்தில் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த அப்காரி வருமானத்திற்கு ஈடாக 1939-ல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார் என்பதை மறக்கலாகாது. கஜானாவில் விழும் பள்ளத்தை நிரப்ப ஒரு மார்க்கம் காணாத மதுவிலக்கு நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1948-ல் அது இராஜதானி முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டபோது, மலபார் ஜில்லாவைச் சேர்ந்த கோட்டைக் கொச்சியும் அதற்குள் அடங்கிற்று. இப்படியாகச் சேலத்தில் பிறந்த சட்டம் அரபிக் கடலோரத்து ஒரு சதுர மைலுக்குள்ளும் புகுந்தது. ஆனால் மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கடைகளை அதனால் தொட முடியவில்லை. வடக்கே மலபாருக்கு நடுவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹியும் இப்படியே வறண்ட நிலத்தின் நடுவே ஒரு மதுக் குட்டையாக இருந்தது. தாகமுள்ளவன் நடக்கத் தயங்காத தூரத்தில் எல்லையை வைத்துக்கொண்டு இயற்றும் சட்டம் அரைச் சட்டமேயாகும்.

அக்காலத்து மட்டாஞ்சேரி எத்தகைய இடம் என்பதையும் நினைக்க வேண்டும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளிக்கு நிச்சயமான வேலை இல்லை. ‘சாப்பா’ என்னும் உலோக வில்லையைக் கங்காணி கூட்டத்தின் நடுவே வீசியெறிவான், முண்டியடித்து அதைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய கூலி. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் மூன்று உயிர்கள் போயின. நாளைக்கு வில்லை கிடைக்குமா என்று அறியாதவன் இன்றைய கூலியை எப்படிச் செலவிடுவான் என்பதை ஒழுக்க நூல்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. குடியின் கேட்டைக் குறைக்கும் முயற்சியில் நிரந்தர வேலைக்கும் முறையான கூலிக்கும் பெரிய பங்குண்டு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மொழிவாரி மாநிலங்கள் 1956-ல் அமைந்தபோது இரு பாதிகளும் கேரளத்திற்குள் ஒன்றாயின; ஆயினும் முழுமையான இணைப்பு 1967-லேதான் நேர்ந்தது. அந்த ஆண்டிலேதான் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் ஒரே மாநகராட்சியாயின. அந்த ஆண்டிலேதான் பழைய கொச்சி அப்காரிச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் நீட்டப்பட்டது. மலபார்ப் பகுதியின் மதுவிலக்கும் அப்போதே முடிவுற்றது. ஒன்றுபட்ட ஊருக்கு ஒரே சட்டம் கிடைத்தது. கிடைத்தது வருமானச் சட்டம்.

அதன் விலையை 1982-ஆம் ஆண்டின் ஓணப் பண்டிகை காட்டிற்று. கோட்டைக் கொச்சியின் படகுத்துறையில் நின்றால் கண்ணெதிரே தெரியும் வைப்பின் தீவில், செப்டம்பர் முதல் நாட்களில், சாராயம் குடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தார்கள். ஏறத்தாழ 70 பேர் மாண்டனர், பலர் பார்வையை இழந்தனர், பலர் முடமாயினர். அவர்கள் குடித்தது புதரில் ஒளித்துக் காய்ச்சிய சரக்கன்று. உரிமம் பெற்ற கடைகளில் விற்றது. அதில் கலந்திருந்தது மெத்தில் ஆல்கஹால். நிறத்தாலும் மணத்தாலும் குடிப்பவன் வேறுபாடு காண முடியாத அந்தத் திரவம் வயிற்றில் இறங்கிய உடனே கொல்வதில்லை; ஈரல் அதைச் சிறுகச் சிறுக ஃபார்மிக் அமிலமாக மாற்ற, பல மணி நேரங்கழித்தே கண் மங்கி, மூச்சு வாங்கி, நினைவு தப்புகிறது. இந்தத் தாமதத்தினால்தான் முதலில் விழுந்தவனைக் கண்டு மற்றவர் எச்சரிக்கை அடைவதற்குள் அநேகர் குடித்து முடித்துவிடுகிறார்கள். இரத்தத்தைச் சுத்திகரித்தும் மாற்று மருந்து கொடுத்தும் உயிரைக் காக்க முடியும். ஆனால் அதற்கு மருத்துவமனை விரைவில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தீவுக்கும் எறணாகுளத்திற்கும் இடையில் அப்போது இருந்தது காயல். இந்தச் சாவுகளைப் பற்றிய வழக்கு 1995-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதற்குள், அன்று தகப்பனை இழந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டிருந்தனர்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1984-ல் கேரள அரசு மது வியாபாரத்திற்கென ஒரு கார்ப்பரேஷனை நிறுவியது. 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடைசெய்தது. 2000-ல் கொல்லம் ஜில்லாவின் கல்லுவாதுக்கலில் மறுபடியும் விஷச் சாராயம் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2014-ல் ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர மற்றவற்றின் மதுக்கூடங்களை மூடும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2017-ல் அக்கொள்கை தளர்த்தப்பட்டது. அதே ஆண்டில் மது வாங்கும் வயது 21-லிருந்து 23-ஆக உயர்த்தப்பட்டது. மூடுவதும் திறப்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறிவர, குடிநோயாளியை மீட்பதற்கென ‘விமுக்தி’ என்னும் திட்டம் 2016-லேதான் உருவாயிற்று. மது விற்பனையைப் பொதுவில் ஏற்பதற்கு வேறொரு முறையும் உண்டு: சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தார் 1865-லேயே சாராயக் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஒரு பொதுக் கம்பெனியிடம் ஒப்படைத்து, பங்குதாரருக்குச் சாதாரண வட்டிக்கு மேல் இலாபம் போகாமல் தடுத்தார்கள். விற்கிறவனுக்கு விற்பனையைப் பெருக்கும் ஆசையே இருக்கலாகாது என்பது அவர்கள் யுக்தி. நம் நாட்டில் விற்பனையை அரசு ஏற்றபோது அந்த ஆசையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வகுத்த திட்டம் விலை, விளம்பரம், கிடைக்கும் நேரம், சிகிச்சை, கள்ளச் சரக்கு எல்லாவற்றையும் சேர்த்தே நோக்கச் சொல்கிறது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, வைப்பினில் 42 ஆண்டுகளுக்கு முன் கண்ட அதே விஷத்தை நாம் கண்டோம்.

வைப்பின் தீவின் செறாயியில் பிறந்து, நாராயண குருவின் சீடராய், பின்னர் கொச்சியில் மந்திரியாயும் இருந்த சகோதரன் ஐயப்பன், தம் தீவை எறணாகுளத்தோடு பாலங்களால் இணைக்க வேண்டுமென்று நெடுங்காலமாக விரும்பியிருந்தார். அவர் 1968-ல் காலமானார். போல்காட்டி, வல்லார்பாடம் என்னும் தீவுகளைத் தொட்டுச் செல்லும் அந்தப் பாலங்கள், கொச்சியின் பழைய பெயரால் கோஸ்ரீ என்று அழைக்கப்பட்டு, 2004-ல் திறக்கப்பட்டன. இப்போது நோயாளியைச் சில நிமிஷங்களில் எறணாகுளத்திற்குக் கொண்டுசென்றுவிடலாம். 1982-ன் ஓணத்தன்று அவற்றின் தூண்கள்கூட நாட்டப்பட்டிருக்கவில்லை.