பச்சோந்தியின் வீங்கிய கண்ணும் டென்மார்க் வெண்ணெயும்

1/ போன மாசம் துபாயில் இருக்கும் நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். அவன் வளர்க்கும் ஏமன் வகைப் பச்சோந்தி. பட்டப்பகலில் ரெண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கு.

"மச்சான், இன்ஃபெக்‌ஷன்னு நினைக்கிறேன். என்ன சொட்டு மருந்து விடலாம்?"

நான் மனுஷங்களுக்கு டாக்டர்டா, ஊர்வன பார்க்குற கால்நடை மருத்துவர்கிட்ட இன்னைக்கே போ என்றேன். கூடவே ஒரு கேள்வி: "அதுக்கு என்ன சாப்பாடு போடுற?"

"கடையில விக்கிற கிரிக்கெட் பூச்சி மட்டும்தான்."

கண் நோய்க்கு ஏன் சாப்பாட்டைக் கேட்டேன்? அதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய டென்மார்க்குக்குப் போகணும்.

2/ முதல் உலகப்போர் காலம். கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் என்ற குழந்தைகள் மருத்துவரிடம் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வை போன குழந்தைகள் வரிசையாக வந்தார்கள்.

இத்தனைக்கும் டென்மார்க் வெண்ணெய்க்குப் பேர்போன நாடு. ஆனால் வெண்ணெய் கப்பலேறியது. ஏழை வீட்டுக்கு மிஞ்சியது கொழுப்பு எடுத்த பாலும், தாவர எண்ணெய் மார்கரினும்.

3/ ஒரு குழந்தைகள் விடுதியில் ஒரு பிரிவில் மட்டும் கண் நோய். விசாரித்தால், அந்தப் பிரிவுக் குழந்தைகளுக்கு முழுப்பால் கிடைக்கவில்லை. மீன் எண்ணெய் கொடுத்தார், கண் தேறியது.

1917 கடைசியில் போர் நெருக்கடியால் வெண்ணெய் ஏற்றுமதி தடைபட்டு, உள்நாட்டிலேயே ரேஷனில் மலிவாகக் கிடைத்தது. 1918இல் அந்தக் கண் நோய் ஏறக்குறைய காணாமல் போனது!

4/ அதற்குச் சில வருடம் முன்பு, 1913இல், அமெரிக்காவில் மெக்காலம், டேவிஸ் இருவரும் எலிகளை வைத்து வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வளர்ச்சிக்குத் தேவையான ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அதுதான் பின்னாளில் வைட்டமின் ஏ.

5/ அது குறைந்தால் கண்ணை ஈரமாக வைக்கும் மென்படலம் தோல் மாதிரி தடித்துக் காயும். கண்ணீர் குறையும், கழிவு சேரும், அப்புறம் கிருமி நுழையும். நாம கடைசியா வந்த கிருமியை மட்டும் பார்த்து சொட்டு மருந்து விடுறோம்.

6/ பச்சோந்திக்கும் இதே கதைதான். காட்டில் அது விதவிதமான பூச்சிகளைத் தின்னும். கூண்டில் வருஷம் முழுக்க ஒரே பூச்சி. பண்ணைக் கிரிக்கெட்டில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. கண்ணால் குறி வைத்து நாக்கால் பிடிக்கும் பிராணி, கண் மூடினால் பட்டினிதான்.

எல்லா வீக்கமும் இதனால்தான்னு இல்ல. தூசி, சீழ்க்கட்டி, புற ஊதா விளக்குக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. நீங்களா வைட்டமின் ஏ கொடுக்காதீங்க, அளவு மிஞ்சினால் விஷம்.

(நம்ம ஊர் பச்சோந்தி 1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. வீட்டில் வளர்க்கவே கூடாது.)

7/ இது கண்ணோடு முடியும் கதையும் இல்லை. திருச்சி மாவட்டக் கிராமங்களில் சிறு குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. காய்ந்த கண், உடம்பு முழுக்க எதிர்ப்புச் சக்தி குறைவதற்கான எச்சரிக்கை மணி.

9 மாசத்துல தொடங்கி 5 வயசு வரைக்கும் 6 மாசத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் இலவசமா கொடுக்குறாங்க. தட்டிக் கழிக்காதீங்க. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை தட்டில் இருக்கட்டும்.

8/ நண்பனின் பச்சோந்திக்கு மருத்துவர் ஊசி போட்டு, தீனியையும் மாற்றச் சொன்னார். ஒரு கண் திறந்துவிட்டது. இன்னொன்று பாதிதான்.

எங்க ஓ.பி.யில் அம்மாக்கள் "சாயங்காலம் ஆனா புள்ள தடுமாறுது சார்" என்று சொல்லும்போது, டார்ச்சை எடுக்கும் முன் நான் கேட்பதும் அதே கேள்விதான்: "புள்ள என்னம்மா சாப்பிடுது?"