பன்மை உடைமைக் குறி

பன்மை உடைமைக் குறி என்பது, ஒரு பொருள் ஒருவருக்கு மேற்பட்டோருடையது என்று காட்ட ஆங்கில எழுத்தில் இடப்படும் அப்பாஸ்ட்ரஃபி. எழுத்துகளின் மேற்பக்கம் தொங்கும் சின்னக் கொக்கி அது. ஒருமையில் அது எஸ் எழுத்துக்கு முன்னே நிற்கும். எஸ்ஸில் முடியும் பன்மையில் எஸ்ஸுக்குப் பின்னே போய்விடும். விதி இவ்வளவுதான். ஆனாலும் ஆங்கிலம் படித்த தலைமுறைகள் பல இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

கோலார் தங்கவயலை வைத்து இதைப் பார்ப்பது எளிது. கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழ்த் தொழிலாளர்களால் நிரம்பிய ஊர் அது. ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் வாழ்ந்ததால் 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. அங்கே பூமிக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளுக்கு ஆள்பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கிஃபர்ட்'ஸ் ஷாஃப்ட், மைசூர் சுரங்கத்தில் எட்கர்'ஸ் ஷாஃப்ட். கிஃபர்ட் ஒருவர், எட்கர் ஒருவர். ஆகவே கொக்கி எஸ்ஸுக்கு முன்னே.

அந்தக் குழிகளில் இறங்கியவர்களோ ஆயிரக்கணக்கானோர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது மைனர்'ஸ் லைன் என்றால் ஒரே ஒரு தொழிலாளிக்கு வரிசை முழுவதும் சொந்தம் என்றாகிவிடும். (தமிழ்க் காதுக்கு 'மைனர்' என்றதும் தங்கச் சங்கிலி போட்ட வேறொரு ஆள் நினைவுக்கு வருவார், இங்கே பேச்சு சுரங்கத் தொழிலாளியைப் பற்றியது.) மைனர்ஸ்' லைன் என்று கொக்கியைப் பின்னுக்குத் தள்ளினால்தான் எல்லோருக்கும் வீடு கிடைக்கும். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒரே ஒலி. வேறுபாடு கண்ணுக்கு மட்டுமே உரியது. பிழைகளில் பெரும்பகுதி பிறப்பது இங்கேதான்.

1880 முதல் தங்கவயல் சுரங்கங்களை நடத்திய நிறுவனத்தின் பெயரே நல்ல பாடம்: ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். 'சன்ஸ்' ஏற்கெனவே பன்மை. அந்த நிறுவனத்தின் சுரங்கங்கள் என்று எழுத ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்' மைன்ஸ் என்று ஒரு கொக்கி போதும். இன்னொரு எஸ் வேண்டாம். 'மைன்ஸ்' என்பதற்குக் கொக்கியே கிடையாது, அது வெறும் பன்மை. வெறும் பன்மைக்குக் கொக்கி போடும் பழக்கத்தை இங்கிலாந்தில் காய்கறிக்காரர் தலையில் கட்டி 'காய்கறிக் கடை அப்பாஸ்ட்ரஃபி' என்று கேலி செய்வார்கள். 'மீல்'ஸ் ரெடி' பலகை தொங்கும் நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது.

காலத்தையும் இந்தக் குறி அளக்கும். கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் 1930-இல் 21 நாள் வேலையை நிறுத்தினார்கள். அத்தனை நாள் கூலி என்பதை ட்வென்டி ஒன் டேஸ்' வேஜஸ் என்று எழுத வேண்டும். ஒரு நாள் கூலி என்றால் ஒன் டே'ஸ் வேஜ். இன்னொரு வகை, எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்கள்: மென், விமன், சில்ட்ரன். இவற்றுக்கு ஒருமையைப் போலவே கொக்கியும் எஸ்ஸும் சேர்த்து மென்'ஸ், விமன்'ஸ், சில்ட்ரன்'ஸ் என்று வரும். நவம்பர் 14 சில்ட்ரன்'ஸ் டே ஆவது இப்படித்தான்.

தமிழ் மாணவருக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதன் வேரும் ஒரு வகையில் கோலார்ப் பக்கமே போகிறது. பவணந்தி முனிவரை நன்னூல் என்ற தமிழ் இலக்கண நூலை எழுதவைத்த சீயகங்கன், கோலாரோடு தொடர்புடைய கங்க மரபில் வந்த சிற்றரசன். அந்த நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் அது, ஆது என்றும் பன்மையில் அ என்றும் உருபுகளைச் சொல்கிறது: எனது கை, என கைகள். இதில் எண்ணப்படுவது உடைமைப் பொருள், உடையவர் அல்ல. ஆங்கிலக் கொக்கியோ உடையவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கும், பொருள் ஒன்றா பத்தா என்று கவலைப்படாது. ஒரே மருத்துவமனை என்பதால் 'மைனர்'ஸ் ஹாஸ்பிடல்' என்று எழுதும் மாணவர் மருத்துவமனையை எண்ணுகிறார். எண்ண வேண்டியது தொழிலாளர்களை. நம் பள்ளிகளில் குறியையும் எழுத்தையும் சேர்த்து 'அப்பாஸ்ட்ரபி எஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொடுப்பதும் உதவவில்லை. கொக்கிக்கும் எஸ்ஸுக்கும் இடையில் முன்பின் மாறலாம் என்பதே மாணவருக்குத் தோன்றாமல் போகிறது.

வரலாற்றில் இந்தக் கொக்கி உடைமைக்காகப் பிறந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது, எழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை. பழைய உடைமை ஈற்றில் இருந்த ஈ எழுத்து மறைந்த இடத்தில் அது உட்கார்ந்தது. தமிழில் 'தொழிலாளர் சங்கம்' என்னும்போது உருபு மறைந்து வேற்றுமைத் தொகை ஆகிறதே, கிட்டத்தட்ட அதே கதை. நாம் மறைந்ததற்கு அடையாளம் வைப்பதில்லை, அவர்கள் ஒரு கொக்கி வைத்தார்கள். பன்மையில் எஸ்ஸுக்குப் பின் இடும் வழக்கம் நிலைபெற 18-ஆம் நூற்றாண்டின் இறுதியும் அதற்குப் பிறகான காலமும் ஆயின.

தாயகத்திலேயே ஒழுங்கு இல்லை. லண்டன் சுரங்க ரயிலில் எர்ல்'ஸ் கோர்ட் நிலையத்துக்குக் கொக்கி உண்டு. சற்றுத் தள்ளி இருக்கும் பாரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்து அதைக் கழற்றிவிட்டது. அமெரிக்காவின் இடப்பெயர் வாரியம் 1890-இலிருந்தே ஊர்ப்பெயர்களில் அதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. இதற்கு எதிராக இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் அப்பாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கிய ஆண்டு 2001. அதே ஆண்டு பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சோம்பேறித்தனமும் அறியாமையும் வென்றுவிட்டன என்று சொல்லி ரிச்சர்ட்ஸ் 2019-இல் தன் சங்கத்தை மூடினார்.

தங்கவயலிலும் மற்ற ஊர்களிலும் செப்டம்பர் 5 அன்று கரும்பலகையில் டீச்சர்ஸ்' டே என்று எழுதப்போகும் பிள்ளைகள், ஆசிரியர் பலர் என்பதை நினைவில் வைத்துக் கொக்கியை எஸ்ஸுக்குப் பின்னே இடவும்.